அடி அண்ணாமலையில் நின்ற பீரோ

போன வாரம் ஓர் இளைஞர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் அறை அறையாக நடந்தார். வீடு மாற்றித் தரும் நிறுவனத்து ஆள். நாங்கள் சென்னைக்குக் குடிபோகப் போகிறோம். அங்கே இருக்கும் மகள்தான் இணையத்தில் பல நிறுவனங்களை வடிகட்டி, அவற்றுக்குப் போட்டிருந்த நட்சத்திரங்களைப் பார்த்து, திட்டியவர்கள் எழுதியதையெல்லாம் ஒன்று விடாமல் படித்து, "இவங்கள நம்பலாம்மா" என்று முடிவு செய்திருந்தாள். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து படம் எடுத்த அந்த இளைஞர், "உடையற ஐட்டம் ஏதாச்சும் இருக்கா மேடம்?" என்று கேட்டார். முழங்கால் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர் கையைத் தூக்கினார்.

போகும்போது அந்த இளைஞர் சில அட்டைப் பெட்டிகளையும் டேப்பையும் வைத்துவிட்டுப் போனார். அந்த டேப்பின் வாசனை எனக்கு ஒத்துவரவில்லை. வீடு மாறுவதென்றால் கோணி வாசனை அல்லவா வர வேண்டும்? அதுவும் வேர்க்கடலைக் கோணி. எவ்வளவு உதறினாலும் மூலையில் கொஞ்சம் கடலை ஒட்டிக்கொண்டிருக்கும். புது வீட்டில் மூட்டையைப் பிரித்தால் குழம்புச் சட்டிக்குள்ளிருந்து அது வரும். உரித்து வாயில் போட்டுக்கொண்டே வேலை செய்தால் அலுப்புத் தெரியாது.

அப்படிக் கோணியில் கட்டிக்கொண்டு நாங்கள் கிளம்பியது, கல்யாணமான புதிதில். ஆசிரமத்துப் பக்கம், செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விட ஆரம்பித்திருந்தார். எங்களைப் பார்க்கும்போதெல்லாம், "வேலை கெடச்சுதாம்மா?" என்று அக்கறையாக விசாரிப்பார். கிடைத்தால் காலி செய்வோமே என்ற அக்கறை. கடைசியில் கிடைத்தது. கீழ்பென்னாத்தூரில் டீச்சர் வேலை. திங்கட்கிழமை அசல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். அங்கேயே ஒரு வீடும் பார்த்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி, பால் காய்ச்ச நல்ல நாள் என்று அந்த வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டார்.

இனி நம்பிக்கையான வண்டிக்காரர் வேண்டும். அந்தக் காலத்தில் நட்சத்திரம் பார்க்க வேண்டுமானால் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். என் கணவர் மோட்டார் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். அங்கே விசாரித்து இரண்டு பேரை வரச் சொன்னார். ஆட்களை எடை போடுவதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்ததால் தேர்வு என்னிடம் விடப்பட்டது.

முதலில் வந்தவர் சையத் பாய். அம்மா வீட்டுச் சீராக வந்த கண்ணாடி வைத்த பீரோவைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதே மாதிரி ஒண்ண போன மாசம்தான் ஒடச்சேன். முன்னாடியே சொல்லிட்றேன்மா."

வீடு மாறும் தேதியைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "பௌர்ணமியா? வேணாம்மா. மலை சுத்த வர்ற ஜனம் ஜாஸ்தி. வண்டி நகராது. செவ்வாக்கெழம வெச்சுக்குங்க."

சோம்பேறி, கைராசியும் இல்லாதவர் என்று தீர்மானித்தேன்.

அடுத்து வந்தவர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கார்டு கொடுத்தார். "கவலையே படாதீங்க மேடம், எல்லா ரூட்டும் நமக்குத் தெரியும்" என்றார். என்னை வாழ்க்கையில் முதன்முதலாக மேடம் என்று கூப்பிட்டவர் அவர்தான். இன்னும் வேலையில்கூடச் சேரவில்லை! அதற்கு மேல் நான் எதையும் எடை போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைச் சட்டை வரவில்லை. திறந்த வேன் ஒன்றும், டிரைவர் ஏகாம்பரமும், சாமான் ஏற்றும் முனுசாமியும் வந்தார்கள். "முதலாளி பின்னாடியே வராருங்க" என்றார் ஏகாம்பரம். கட்டில், பாத்திர மூட்டை, எல்லாவற்றுக்கும் நடுவில் கயிறு கட்டி நிற்க வைத்த பீரோ. சான்றிதழ்களை அதற்குள்தான் பூட்டியிருந்தேன். சாவி என் இடுப்பில். வேறெங்கே பாதுகாப்பு?

நாங்கள் பஸ்ஸில் முன்னால் போய், கூட்டிப் பெருக்கி, வெறுந்தரையில் உட்கார்ந்தோம். மதியமாயிற்று. வெயில் சாய்ந்தது. வண்டி வரவில்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்த கணவர் சட்டென்று நின்றார்.

"வசந்தி, அந்த ஆளு பேரு இன்னா?"

"கார்டுல இருக்குங்க."

"கார்டு எங்க?"

"பீரோல."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, வண்டியைத் தேடிப் பஸ்ஸுக்குக் கிளம்பினார். நாளைக்கு வெறுங்கையோடு போய் நின்றால் தலைமையாசிரியர் என்ன சொல்வார்? பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன்.

ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்த போலீஸ்காரர் ஒருவரிடம் கேட்டோம். "சாமான் வண்டியா? செங்கம் ரோட்ல வுடாம மலை சுத்துற ரோட்டுப் பக்கம் ஒண்ணத் திருப்பி வுட்டோம். மேல ஒரு பீரோ நின்னுக்கினு போச்சு" என்றார்.

கிரிவலப் பாதையில் இறங்கினோம். ஊரிலேயே இருந்துகொண்டு ஒரு தடவைகூட மலையைச் சுற்றாதவர்கள் நாங்கள். இப்போது எதிர்த்திசையில் நடக்கிறோம். இடித்துக்கொண்டு போன ஒரு பெரியவர் கடிந்துகொண்டார்: "எதிர்ல வரக் கூடாதும்மா, சேத்ததெல்லாம் போயிடும்!"

"சேத்ததெல்லாம் காலையிலயே வண்டியில போயிடுச்சுங்க" என்றார் என் கணவர்.

மலைக்குப் பின்புறக் கிராமமான அடி அண்ணாமலையை நெருங்கும்போது நிலா கிளம்பிவிட்டது. சாலையோரம் வேன் நின்றது. அருகில் எங்கள் கட்டில். அதில் யாரென்றே தெரியாத நாலைந்து பேர் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலையணையில் ஒரு கைக்குழந்தை தூங்கியது. கீழே இறக்கி நிறுத்தியிருந்த பீரோவுக்கு முன்னால் பெண்கள் வரிசையில் நின்றார்கள். முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்யவும் கொண்டை போடவும்தான். முனுசாமி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்: "பொட்டு வெச்சவங்க நகருங்க, பின்னாடி நிக்கறாங்க இல்ல?"

நான் ஓடிப்போய்ப் பீரோவைத் தொட்டேன். "வரிசையில வாம்மா" என்றாள் ஒருத்தி.

"இது என் பீரோங்க."

"இங்க எல்லாரும் ஏதாச்சும் ஒண்ணு சொல்லிக்கினுதான் நடுவுல பூர்றாங்க" என்றாள்.

ஏகாம்பரம் வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்தார். "டீச்சர், முன்னாடியும் போவ முடியல, பின்னாடியும் போவ முடியல. ஒரு தாத்தாவுக்கு மயக்கம் வந்துடுச்சு, நடுவுல இருந்த பீரோவ எறக்கிட்டு கட்டில எறக்கினோம். அவர் எழுந்து போயிட்டாரு, கட்டிலு மட்டும் காலியாவவே இல்ல."

முதலாளி எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். இரண்டு பேரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. விட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க முடியாது. முதலாளியின் பெயர்கூடத் தெரியாதே எங்களுக்கு! அதைச் சொன்னேன். "சாமான் ஆள நம்பி நிக்குது டீச்சர். எப்பிடி வுட்டுட்டுப் போறது?" என்றார் முனுசாமி.

சாவியை எடுத்துத் திறந்தேன். சான்றிதழ்கள் வைத்தபடியே இருந்தன. வரிசையில் நின்ற பெண்களே என்னோடு சேர்ந்து "அப்பாடா" என்றார்கள். கணவர் பக்கத்துக் கடையில் பால் வாங்கி வந்தார். மூட்டையைப் பிரித்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வை எடுத்தோம். புது வீட்டில் பொங்க வேண்டிய பால் அடி அண்ணாமலை சாலையோரத்தில் பொங்கியது. முதல் டம்ளர் ஏகாம்பரத்துக்கும் முனுசாமிக்கும். மிச்சம் கட்டிலில் இருந்தவர்களுக்கு.

விடிந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. அதே கண்ணாடியில் தலை சீவிக்கொண்டு, சான்றிதழ்களை மார்போடு அணைத்தபடி நடந்துபோய் பஸ் ஏறி வேலையில் சேர்ந்தேன். "வீடு எங்கம்மா பாத்திருக்கீங்க?" என்று தலைமையாசிரியர் கேட்டார். "இப்போதைக்கு அடி அண்ணாமலையில, ரோட்டோரமா இருக்கு சார்" என்றேன். சாயங்காலம் வீடு திரும்பியபோது எல்லாச் சாமான்களும் வந்து சேர்ந்திருந்தன. யாரோ மறந்து வைத்த ஒரு சொம்பும் சேர்ந்தே வந்திருந்தது.

இப்போது பௌர்ணமியன்று சரக்கு வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அடி அண்ணாமலையில் நாங்கள் பால் காய்ச்சிய இடத்தில் ஜூஸ் கடை இருக்கிறது. காசு கொடுத்தால் உட்கார நாற்காலி கிடைக்கும். திறந்த வண்டியில் வீடு மாறுகிறவர்களையே காணோம். எல்லாம் இரும்புக் கதவு போட்ட வண்டிகள். யார் வீட்டுக் கட்டில் எந்த ஊருக்குப் போகிறதென்று சாலையில் நடப்பவர்களுக்குத் தெரிவதில்லை. மற்ற நாட்களில் மலை சுற்றிக் கால் வலிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். மூடிய கதவு ஒன்று அவர்களைக் கடந்து போகிறது.