வாய்க்குள் ஒளித்த மருந்து

உலகத்தில் உள்ள பல் டாக்டர்கள் அத்தனை பேரும் பார்த்த வாய்களை ஒன்றாகக் கூட்டினாலும், சித்தி ஒற்றை ஆளாகப் பார்த்த வாய்களின் கால் தூசுக்கு வராது. நடுக்கடலில் தன் பாட்டுக்குப் போகிற திமிங்கலம்கூட, சித்தி "ஆ காட்டு" என்றால் கரைக்கு வந்து ஆ காட்டி, நாக்கையும் தூக்கிக் காட்டி, "போகலாமா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பும். எரிமலைகள் வாயைத் திறந்தே வைத்திருப்பது சித்திக்குப் பயந்துதான். இதில் பாதியாவது உண்மை. எந்தப் பாதி என்று கேட்கக் கூடாது.

சித்தி ஒரு நர்ஸ். நீதிமன்றத்தின் பின்பக்கம், முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையில் இப்போது போதைச் சிகிச்சை கிளினிக் நடக்கிறது. அங்கே கம்பி போட்ட மருந்து ஜன்னலுக்கு உள்பக்கம் சித்தி உட்கார்ந்திருப்பாள். போதைப் பொடியோடு பிடிபட்டவர்களில் சிலரை நீதிபதி சிறைக்கு அனுப்பாமல் இந்த ஜன்னலுக்கு அனுப்புவார். தினமும் காலையில் வந்து சித்தியின் கண் முன்னால் பச்சை நிற சிரப்பைக் குடிக்க வேண்டும். குடித்தால் உடம்பு பொடியைக் கேட்காது. எலும்புக்குள் எறும்பு ஊராது. வேலைக்குப் போகலாம், மற்ற மனிதர்களைப் போல வீட்டில் சண்டை போடலாம். வராமல் போனால் சிறை.

குடிப்பதுபோல் பாவனை செய்து, வாயிலேயே அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்கிறவர்களும் உண்டு. அதனால் சிரப் குடித்ததும் சித்தி அரை டம்ளர் தண்ணீர் கொடுப்பாள். அது இறங்கியதும் "பேசு" என்பாள். எதை வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் வார்த்தைகள் முழுசாக வர வேண்டும். வாய்க்குள் சிரப்பை வைத்துக்கொண்டு எந்தக் கொம்பனாலும் ஒழுங்காகப் பேச முடியாது. வரிசையில் நிற்கிறவர்கள் அவளுக்கு 'பேசு சிஸ்டர்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஒருவர் தினமும் பதினேழாம் வாய்ப்பாடு சொல்வார். பாதியில் நிறுத்திவிடுவார், அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. ஒரு லாரி டிரைவர் தன் மாமியாரைத் திட்டுவார். திட்டு நீண்டுகொண்டே போனால், "போதும்ணே, அவங்களும் ஒரு மனுஷிதான" என்று சித்தி அடுத்தவரைக் கூப்பிடுவாள்.

வெல்டர், அன்றைக்கு என்ன வேலை இருக்கிறது என்று சொல்வான்.

"இன்னிக்கு ஒரு கேட்டு, சிஸ்டர். மாடிப்படிக்குக் கைப்பிடி. அப்புறம் ஒரு நாய்க்கூண்டு."

"கூண்டுக்குப் போய் இவ்வளவு தடிமனா கம்பி கேட்டாங்கன்னு நேத்து சொன்னியே, அவ்வளவு பெரிய நாயா?"

"நாய் இத்துனூண்டுதான் சிஸ்டர். ஓனர்தான் பயங்கரம்."

அவனுடைய கண் எப்போதும் சிவந்திருக்கும். அது வெல்டிங் சிவப்பா, பழைய சிவப்பா என்று சித்திக்கு ஆரம்பத்தில் சந்தேகம். சிறுநீர்ப் பரிசோதனை ஒவ்வொரு தடவையும் சுத்தம் என்றே வந்ததும் சந்தேகம் போய்விட்டது. அவன் பட்டறையிலேயே படுத்து, பட்டறையிலேயே எழுந்து, யார் வம்புக்கும் போகாமல் இருந்தான். இன்னும் கொஞ்ச காலம் இப்படியே ஓட்டிவிட்டால் வழக்கையே முடித்துவிடுவதாக நீதிபதி சொல்லியிருந்தார். சித்திக்கு அவனைப் பற்றி உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ஒரு நாள் காலை வெல்டர் சிரப்பை வாங்கிக் குடித்தான். தண்ணீர் டம்ளரை உதட்டில் வைத்தான். தண்ணீர் குறையவே இல்லை.

"பேசு" என்றாள் சித்தி.

அவன் சிரித்தான். வாயைத் திறக்காத சிரிப்பு.

"கேட்டா, கூண்டா? என்ன வேலை இன்னிக்கு?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். பின்னால் வாத்தியார் வாய்ப்பாட்டை முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தார். சித்தி காலிக் கோப்பையை ஜன்னல் துவாரம் வழியாகத் தள்ளினாள். "துப்பு" என்றாள், மற்றவர்கள் காதில் விழாத குரலில். அவன் விரலைக் கன்னத்துக்குள் விட்டு ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை எடுத்துக் கோப்பையில் போட்டான். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் வெட்டிய துண்டு. பச்சையாக ஊறியிருந்தது.

"யாருக்கு?"

"தம்பிக்கு."

விற்பதற்கு என்று அவன் சொல்லியிருந்தால் சித்திக்கு அந்த நாள் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். திட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பாள்.

சாயங்காலம் அவள் பட்டறைக்குப் போனாள். வேலை மேஜைக்கு அடியில், தார்ப்பாயைச் சுற்றிக்கொண்டு தம்பி சுருண்டு கிடந்தான். உடம்பு உதறுகிற உதறலில் தார்ப்பாய் ஓயாமல் சரசரத்தது. மூக்கும் கண்ணும் நிற்காமல் ஒழுகின. அண்ணன் பக்கத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க அக்கா. நான்தான் கேட்டேன்" என்றான் தம்பி.

"கிளினிக்ல பேரு குடுத்தியா?"

"குடுத்தேன். இடம் இல்லையாம். கோர்ட்டு அனுப்புறவங்களுக்குத்தான் முதல்லயாம்."

வெல்டர் வாளியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். "ஒரே ஒரு தடவை போலீஸ்ல மாட்டியிருந்தான்னா இந்நேரம் இடம் கெடைச்சிருக்கும் சிஸ்டர். எங்க மாட்டுறான்? திருடத் தெரியாது, ஓடத் தெரியாது. ரொம்ப நல்ல பையன்."

சித்திக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அந்த ஜன்னலுக்கு வர வேண்டுமானால் முதலில் கைவிலங்கு மாட்ட வேண்டும்.

"நீ குடுக்கிறது பாதி மருந்து. அது அவனுக்கும் பத்தாது, உனக்கும் பத்தாது. நாளைக்கு ரெண்டு பேரும் பொடி தேடிப் போவீங்க."

"தெரியும் சிஸ்டர்."

"தெரிஞ்சுமா?"

"அவன் ராத்திரி பல்லைக் கடிக்கிற சத்தம் இருக்கே. அதைக் கேட்டுக்கிட்டுத் தூங்க முடியல."

அன்றிரவு வீட்டில் சித்தி தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சொல்லாமல் விட்டால் வெல்டர் தப்பிப்பான். ஆனால் நாளைக்கும் ஸ்பாஞ்சு வரும், என்றாவது ஒரு நாள் வேறு யாராவது பார்ப்பார்கள். சொன்னால் அவன் மாட்டுவான். ஆனால் சொல்கிற வாயாலேயே தம்பிக்கு ஓர் இடமும் கேட்கலாம். நீதிபதி கல்நெஞ்சுக்காரர் இல்லை. குற்றவாளியைக்கூட "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறவர். உள்ளதை உள்ளபடி சொன்னால் அவருக்குப் புரியும் என்று சித்தி நம்பினாள். அவள் வாழ்க்கையில் இதுவரை எல்லாவற்றையும் அப்படித்தான் நம்பியிருக்கிறாள்.

கோர்ட்டு கூடுவதற்கு முன்னால் நீதிபதியின் அறையில் வாரம் ஒரு தடவை கூட்டம் நடக்கும். நீதிபதி, டாக்டர், அரசு வக்கீல், கண்காணிப்பு அதிகாரி, கடைசி நாற்காலியில் சித்தி. யார் ஒழுங்காக இருக்கிறார்கள், யார் வழுக்கிவிட்டார்கள் என்று ஒவ்வொருவராகப் பேசுவார்கள். வெல்டரின் முறை வந்ததும் சித்தி ஸ்பாஞ்சைப் பற்றிச் சொன்னாள். தம்பியைப் பற்றியும் சொன்னாள். தார்ப்பாய், வாளி, ஒன்றையும் விடவில்லை.



"மருந்தை வெளிய கொண்டு போறதுதான் இங்க பெரிய தப்பு. அதை விட்டோம்னா நாளைக்கு இந்த கிளினிக்கையே மூடிடுவாங்க" என்றார் அரசு வக்கீல்.

"தம்பிக்கு ஒரு இடம் குடுத்துட்டா இவன் ஏன்யா கொண்டு போகப் போறான்?" என்றாள் சித்தி. அரசு வக்கீலை 'யா' போட்டது அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இருந்தா குடுக்க மாட்டேனாம்மா? ஒருத்தர் போனாத்தான் இன்னொருத்தர் வர முடியும். அவ்வளவுதான் நமக்குக் குடுத்திருக்காங்க." பிறகு வெல்டரைக் கொஞ்ச நாள் உள்ளே வைக்கும்படி உத்தரவிட்டார். சின்ன தண்டனைதான், திருந்தினால் பழைய இடத்துக்கே திரும்பி வரலாம் என்றார்.

"ஜெயில்ல இந்த மருந்து கெடையாது" என்றார் டாக்டர்.

"கொஞ்ச நாள்தானே டாக்டர்."

டாக்டர் அடுத்தவரின் ஃபைலைப் புரட்டினார். அவருக்கும் அங்கே ஒரு நாற்காலி மட்டும்தான் இருந்தது.

வெல்டரை வராந்தா வழியாகக் கூட்டிக்கொண்டு போனபோது சித்தி சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அவன் நின்று, "விடுங்க சிஸ்டர், நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. தம்பியை மட்டும் ஒரு எட்டு பார்த்துக்கங்க" என்றான். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகு வேலை முடிந்ததும் சித்தி ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். தம்பி கொஞ்சம் சாப்பிடுவான், நிறைய வாந்தி எடுப்பான். தினமும் ஒரே கேள்வி: "அண்ணன் எப்ப வருவான் அக்கா?"

ஒரு நாள் லீவு போட்டுவிட்டுச் சிறைக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வெல்டர் பாதியாக இளைத்துப் போயிருந்தான். ஆரம்பத்தில் சுவரில் தலையை முட்டிக்கொண்டானாம், இப்போது பரவாயில்லையாம்.

"நான் சொல்றதை நல்லா கேளு" என்றாள் சித்தி. "உன் உடம்பு இப்ப எல்லாத்தையும் மறந்துடுச்சு. வெளிய வந்ததும் ஆசை வரும். பழைய அளவு போட்டேன்னா மூச்சு நின்னுடும். முன்னாடி தாங்கின அதே அளவுதான், இப்ப தாங்காது. கையில தொடாத. நேரா என்கிட்ட வா. சின்ன அளவுல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தலாம்."

"உடம்பு மறந்துடுமா சிஸ்டர்?"

"மறந்துடும்."

"என் பொண்டாட்டி மாதிரின்னு சொல்லுங்க."

"சிரிக்காத. சத்தியம் பண்ணு."

அவன் வலையில் கையை வைத்துச் சத்தியம் பண்ணினான். கம்பி அவன் உள்ளங்கையில் கட்டம் கட்டமாகப் பதிந்தது.

திங்கட்கிழமை விடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். சித்தி அவனுக்கான சின்ன அளவை டாக்டரிடம் எழுதி வாங்கித் தயாராக வைத்திருந்தாள். ஆனால் சிறையில் நெரிசல் அதிகமாகிவிட்டது என்று சனிக்கிழமை சாயங்காலமே அவனை விட்டுவிட்டார்கள். யாரும் கிளினிக்குக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை மதியத்தோடு ஜன்னலை மூடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதால், அன்றைக்கு மட்டும் வீட்டில் குடிக்க, மற்றவர்களுக்குக் காலையிலேயே சின்னப் பாட்டிலில் மருந்து கொடுத்தாகிவிட்டது. வெல்டர் பூட்டிய கதவைக் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் பட்டறைக் கதவை உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டார்கள். சாவியை ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்துவிட்டார்கள். ஒரே தார்ப்பாய்க்குள் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்து, ஒருவன் புலம்பும்போது மற்றவன் திட்டி, ஒருவன் திட்டும்போது மற்றவன் சிரித்து, எப்படியோ விடிய வைத்தார்கள். திங்கட்கிழமை காலை சித்தி ஜன்னலைத் திறந்தபோது இரண்டு பேரும் வரிசையில் முதலில் நின்றுகொண்டிருந்தார்கள். தம்பிக்கும் இடம் கிடைத்துவிட்டிருந்தது. வெல்டர் முதலில் தம்பியைக் குடிக்கவிட்டு, பிறகு தான் குடித்தான்.

இதுவரை எழுதியதைச் சித்தி சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே வாசித்தாள். திமிங்கலத்துக்குச் சிரித்தாள். வாய்ப்பாட்டுக்கும் சிரித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, எழுதியவனைக் கூப்பிட்டாள்.

"இங்க வாடா. கிளினிக்ல இடம் இல்லன்னு நீயே எழுதியிருக்க. தம்பிக்கு மட்டும் எப்படி இடம் வந்துச்சு?"

எழுதியவன் ஃபேனைப் பார்த்தான்.

"ஒருத்தர் போனாத்தான் இன்னொருத்தர் வர முடியும்னு நீதிபதி சொன்னதையும் நீயேதான் எழுதியிருக்க. யார் போனா?"

"அது வந்து சித்தி..."

"சாவியைத் தெருவுல எறிஞ்சாங்களாம். யாருடா எறிஞ்சது? சனிக்கிழமை ராத்திரியே அவன் போட்டுட்டான். பழைய அளவு. காலையில தம்பிதான் எழுப்பிப் பார்த்திருக்கான். எழுந்திருக்கல." அவள் குரல் உயரவே இல்லை. சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தித் தேய்த்தாள். "அண்ணனோட இடத்துலதான் தம்பி இப்ப தினமும் வந்து நிக்கிறான். நான்தான் ஊத்திக் குடுக்கிறேன். அதை எழுது."

"படிக்கிறவங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு மாத்தினேன் சித்தி."

சித்தி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"படிக்கிறவங்களுக்கு இல்ல," என்றாள். "எனக்கு."