அதெலினு கூடத்துக்கு வந்த ஞாயிறு

போர்ச்சுகலில் எங்கள் சின்ன ஊரிலிருந்து எவோரா நகரத்துக்குப் போகும் பேருந்தை இருபத்து நான்கு வருஷம் ஓட்டியவர் அதெலினு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மத்தியானம் வண்டியைச் சதுக்கத்தில் நிறுத்திவிட்டு எங்கள் உணவகத்துக்குள் நுழையும்போதே, "இன்னைக்கு எந்த ஆடு செத்துச்சு?" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி கேட்பார். வண்டி ஓட்டவேண்டும் என்பதால் ஒயினைத் தொடமாட்டார். ஆனால் பக்கத்து மேசைக்காரரின் ஜாடியை மோந்து பார்த்து, "போன வருஷத்தை விட மோசம்" என்று தீர்ப்பு மட்டும் சொல்லிவிடுவார்.

என் தாத்தா தொடங்கிய கடை அது. அம்மா பெலிஸ்மினா அடுப்படியில், அப்பா ஜசிந்து கூடத்தில், நான் இரண்டுக்கும் நடுவில்.

ஐம்பத்தாறாவது வயதில் அதெலினுவுக்குத் தாடையில் கட்டி வந்தது. லிஸ்பனில் அறுவை செய்து, இடப்பக்க எலும்பில் ஒரு துண்டை எடுத்துவிட்டார்கள். வேலை போனது, உயிர் பிழைத்தது. நாலு மாதம் கழித்து ஊர் திரும்பினார். ஆனால் எங்களிடம் வரவில்லை. சதுக்கத்தைத் தவிர்த்துப் பின் சந்து வழியாகப் போவதை அப்பா பார்த்துவிட்டார்.

நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். "என்னய்யா, எங்க மேல கோவமா?"

அதெலினு வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசினார். பாதி வார்த்தை கரைந்து போயிற்று. "கோவமெல்லாம் இல்ல ஜசிந்து. சாப்பிட்டா ஒரு பக்கமா வழியுது. பக்கத்துல உக்காந்தவனுக்குச் சாப்பாடு இறங்காது." அடுப்பில் பாக்கெட் சூப் கொதித்துக்கொண்டிருந்ததாம்.

அப்பா வந்து சொன்னதும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அங்கே என்ன சொன்னாள் என்பதைப் பிறகு அதெலினுவே சொல்லித் தெரிந்தது.

"உன்னைக் கூடத்துல வந்து உக்காரச் சொன்னேனா? மூணு மணிக்கு நாங்க சாப்பிடுற மேசை அடுப்படியில கெடக்கு. எம் புருஷன் தின்னுற லட்சணத்த நீ பாத்ததில்ல. அதுக்கு முன்னால உன்னுது ஒண்ணுமே இல்ல."

மறுநாள் பின்கதவு வழியாக வந்தார். அம்மா பூண்டும் கொத்தமல்லியும் கல்லுப்பும் இடித்து, ஆலிவ் எண்ணெயும் கொதிநீரும் ஊற்றி, பழைய ரொட்டியை ஊறப்போட்டு, மேலே ஒரு முட்டையை வைத்தாள். அசோர்தா. அந்த ரொட்டிக் கஞ்சியை மெல்லவே வேண்டாம். எங்கள் எல்லோர் முன்னாலும் அதையே வைத்தாள்.

"எனக்குக் கறி எங்க?" என்றார் அப்பா.

"உனக்கும் தாடை இல்லன்னு நெனச்சுக்க."

அதெலினு சிரித்தார். கஞ்சி மோவாயில் வழிந்தது. யாரும் துணி நீட்டவில்லை. அவரே துடைத்துக்கொண்டார்.

இப்படியே ஐந்து மாதம். கொண்டைக்கடலை மசியல், மீன் சூப், மறுபடி அசோர்தா. மூன்று மணிக்கு முன்னால் அப்பா திருட்டுத்தனமாக ஒரு துண்டு பன்றிக் கறியை விழுங்குவது எங்களுக்குத் தெரியும். பார்க்காத மாதிரி இருந்தோம்.

ஈஸ்டர் ஞாயிறு வந்தது. எழுபது பேர் இடம் சொல்லிவைத்திருந்தார்கள். காலையில் அப்பா நிலவறைப் படியில் சறுக்கி, கணுக்கால் பூசணியாக வீங்கிவிட்டது. கூடத்தில் நான் ஒருத்திதான். ஒரு மணிக்கெல்லாம் ஆட்டுக்கறிக் குழம்புத் தட்டுகள் அடுப்படித் திட்டில் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. அன்று எங்கள் சாப்பாடு தாமதமாகும் என்று அதெலினுவை அம்மா முன்னதாகவே வரச்சொல்லியிருந்தாள். அவர் பாதிக் கிண்ணம் சாப்பிட்டிருந்தார்.

ஸ்பூனை வைத்துவிட்டு எழுந்தார். ஆணியில் தொங்கிய அப்பாவின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு இரண்டு தட்டுகளைத் தூக்கினார்.

"வேணாம் அதெலினு," என்றேன்.

"எந்த மேசை? அதை மட்டும் சொல்லு."

அவர் முகத்தைப் பார்த்ததும் கூடம் ஒரு கணம் அடங்கிப்போயிற்று. ஜன்னலோரம் இருந்த கசாப்புக்காரர் மனைவி, வாரத்தில் நாலு நாள் அவர் வண்டியில் போனவள், குரல் கொடுத்தாள்.

"யோவ், ஒன்பது மாசம் லேட்டு! எந்த ஊருல வண்டிய நிறுத்தி வச்சிருந்த?"

"டயர் பஞ்சரும்மா. ரொட்டிய அந்தப் பக்கம் தள்ளு, தட்டு சுடுது."

குழறலாகத்தான் வந்தது, எல்லோருக்கும் புரிந்தது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதற்குப் பிறகு அவரை ஒவ்வொரு மேசையிலும் பிடித்து நிறுத்திப் பேசினார்கள். அவர் வந்த பிறகும் பரிமாறத் தாமதமானது அதனால்தான்.

ஐந்து மணிக்குக் காலியான கூடத்தில் அவரை உட்காரவைத்து, கறியை நன்றாக மசித்து, குழம்பில் ஊறிய ரொட்டியோடு அம்மா கொண்டுவந்தாள்.

"அக்கா, உங்களுக்கெல்லாம் நான் எப்படி..."

"ஆறிடும். முதல்ல சாப்பிடு."

அப்பாவின் கால் குணமாக ஆறு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகும் அதெலினு ஏப்ரனைக் கழற்றவில்லை. தான் பட்ட நன்றிக்கடனைத் தீர்த்துக்கொண்டிருப்பதாக அவருக்கு நினைப்பு. எங்களுக்கோ, கடன்பட்டவர்கள் நாங்கள்தான் என்று நினைப்பு. போன வருஷம் அப்பா இறந்து, அடக்கம் முடிந்த மறுநாள், கடையை இனி எப்படித் திறப்பது என்று தெரியாமல் நானும் அம்மாவும் பத்து மணிக்குப் போனோம். கதவு திறந்திருந்தது. மேசைகளில் விரிப்புப் போட்டிருந்தது. அதெலினு வாசல் பலகையில் அன்றைய சாப்பாட்டை எழுதிக்கொண்டிருந்தார்.

அம்மா பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"கோஸ் சூப்புன்னு எழுதாதய்யா," என்றாள். "கோஸ் வாங்கல." சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.