நரிக்குடிப் பக்கம் நான்கு குடம் நல்ல தண்ணீர்

பூமிக்கு என்னால் ஏற்படும் சுமையைக் குறைக்க வேண்டும் என்று ஆறு மாதமாக ஒரு நோட்டு எழுதி வருகிறேன். வாங்காமல் விட்ட பிளாஸ்டிக் பைகளுக்கு ஒரு கட்டம், பைக்கில் போகாமல் மிச்சமான கிலோமீட்டருக்கு ஒரு கட்டம். போன மாதம் இரண்டாம் ஞாயிறு, என் வகுப்புத் தோழி செல்வி தன் ஊர்க் கோவில் பொங்கலுக்குக் கூப்பிட்டபோது அந்த நோட்டும் என்னோடு வந்தது.

அப்பா பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அருப்புக்கோட்டையில் காலை 7.10க்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 7.50க்குத் திருச்சுழி, அங்கே பஸ் மாறி 8.45க்கு நரிக்குடிக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால், செல்வியின் ஊரில் இறங்கினேன். வழியெல்லாம் சீமைக்கருவேலம்தான். கண்மாய்களில் தண்ணீர் இல்லை, ஆடுகள் நடுவில் மேய்ந்தன. ஜன்னலோரம் உட்காருபவர்கள் துண்டு கொண்டு போங்கள், புழுதி அதிகம்.

மதியம் கறிச்சோறு. பதினெட்டுப் பேருக்குப் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகள் வாங்கி வைத்திருந்தார்கள். எனக்கு மனது கேட்கவில்லை.

“எவர்சில்வர் தட்டுலயே சாப்பிடலாம்மா, எல்லாத்தையும் நான் கழுவித் தாரேன்.”

செல்வியின் அம்மா சிரித்தார். “டவுனுப் பிள்ள தட்டு கழுவப் போகுதாம்! சரித்தா, கொல்லையில தண்ணி கெடக்கு, கழுவு.”

விருந்தாளிகள் சாப்பிட்ட தட்டுகளோடு கொல்லைக்குப் போனேன். அங்கே ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது, பாசி பிடித்து. ஆட்டுக்கு வைத்தது என்று நினைத்தேன். பக்கத்தில் மூடி போட்ட நான்கு பிளாஸ்டிக் குடங்கள். எங்கள் வீட்டில் குடிதண்ணீர் எவர்சில்வர் குடத்தில்தான் இருக்கும், பிளாஸ்டிக் குடம் புழக்கத்துக்கு. அதனால் யோசிக்கவே இல்லை. இரண்டு குடத்தில் தேய்த்தேன், இரண்டு குடத்தில் அலசினேன். சோப்பு நன்றாக நுரைத்தது. உப்புத் தண்ணீரில் சோப்பு அப்படி நுரைக்காது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

விருந்தாளிகளுக்குத் தண்ணீர் மொள்ள வந்த செல்வியின் அம்மா, ஒவ்வொரு குடமாக மூடியைத் திறந்து பார்த்தார்.

“இந்தத் தண்ணியிலயா கழுவுன?”

“ஏ கிறுக்கி, அது குடிக்கிற தண்ணிடி! கழுவுறதுக்குத்தான் தொட்டியில உப்புத்தண்ணி கெடக்குல்ல!” என்று செல்வி கத்தினாள். “தண்ணி வண்டிக்காரரு இனி செவ்வாய்க்கெழமதான் வருவாரு.”

“விடுறீ, வையாத. தெரியாமத்தான செஞ்சிருச்சு” என்றார் அவள் அம்மா.

செல்வியின் மாமா ஒருவர் வாசலில் இருந்து சொன்னார்: “நம்ம வீட்டுத் தட்டுக்கு வந்த வாழ்வப் பாருங்கப்பா! மினரல் வாட்டருல குளிச்சிருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். செல்வியின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் ஐந்து பேர். செவ்வாய்க்கிழமை வரைக்கும் குடிக்க இருந்தது அவ்வளவுதான்.

“அழுகாத. செல்வி அப்பா நரிக்குடிக்குப் போயி கேன்ல கொண்டாந்திருவாக” என்று என்னைத் தேற்றினார்.

செல்வியின் அப்பா சாப்பிடாமலே பைக்கை எடுத்தார். ஒரு நடைக்கு இரண்டு கேன்தான் கட்ட முடிந்தது, அதனால் இரண்டு நடை. போக வர இருபத்து நான்கு கிலோமீட்டர். என் அப்பாவை நான் பைக் ஓட்ட விடவில்லை, எனக்காக இவர் ஓட்டினார். நான் கழுவிய தட்டில் மூன்றே காலுக்கு ஆறிய சோறு சாப்பிட்டார்.

நாலரை மணிக்குக் கிளம்பும்போது, செல்வியின் அம்மா கேனைச் சாய்த்து என் எவர்சில்வர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார். “வெயிலு, வச்சுக்க.” அவர் உள்ளே போனதும் அதைக் குடத்திலேயே ஊற்றிவிட்டு வந்தேன்.

திருச்சுழியில் அடுத்த பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம் நின்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. கடையில் இருபது ரூபாய் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

அன்றிரவு நோட்டில் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று என்று எழுதினேன். மிச்சமான காகிதத் தட்டு பதினெட்டு என்று எழுதி, அடித்துவிட்டேன். இன்னொரு வீட்டின் நல்ல தண்ணீரைக் கொட்டியதற்கு என் நோட்டில் கட்டமே இல்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: திருச்சுழியிலிருந்து சாயங்காலம் பஸ் குறைவு, ஐந்தரைக்குள் வந்துவிடுங்கள். யார் வீட்டுக்குப் போனாலும் உங்களுக்கான தண்ணீரை நீங்களே கொண்டு போங்கள். கொல்லையில் எந்தக் குடத்தைத் தொடும் முன்பும், “இது எந்தத் தண்ணி?” என்று கேளுங்கள்.

செல்வி திங்கட்கிழமை வழக்கம்போல என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். புதன்கிழமை அவளிடம், நேற்றுத் தண்ணீர் வண்டி வந்ததா என்று கேட்டேன். வரவில்லையாம்.