பெட்டியின் பின்பக்கம் யாருக்கு

நோவி சாத் நகரில் எங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் நான்காம் மாடியில் எதிரெதிரே இரண்டு கதவுகள் உண்டு. ஒன்றில் ‘நெட்வொர்க்’ என்றும் மற்றதில் ‘சர்வர்’ என்றும் எழுதியிருக்கும். இடையில் இருக்கும் நடைபாதையை நாலு எட்டில் கடந்துவிடலாம். ஆனால் கடப்பவர் கையில் ஏதாவது காரணம் இருக்க வேண்டும். சும்மா வந்தேன் என்று சொல்லிக்கொண்டு அங்கே யாரும் கதவைத் திறந்ததில்லை.

நெட்வொர்க் பிரிவின் தலைவி விடோசவா. நான் அவள் கீழே வேலை பார்க்கிறேன். கட்டடத்துக்குள் ஓடும் ஒவ்வொரு கேபிளும் தன் வயிற்றில் பிறந்ததுபோல அவள் பேசுவாள். யாராவது ஒரு கேபிளின் மேல் நாற்காலியை நகர்த்திவிட்டால் முகம் வாடிவிடும். நாற்காலிக்காரர் மன்னிப்புக் கேட்டால் போதாது, காப்பியும் வாங்கித் தர வேண்டும்.

சர்வர் பிரிவுக்கு ராதிசாவ். மெதுவான, சிரித்த முகமுள்ள மனிதர். யார் சொல்வதற்கும் தலையாட்டிவிட்டுத் தான் நினைத்ததையே செய்வார். இவரை எதிரி என்று சொல்லிவிட்டால் கதை எளிதாகிவிடும். ஆனால் இவர் விடோசவாவின் கூம். அவள் கல்யாணத்தில் சாட்சி நின்றவர், அவள் மகனுக்கு ஞானத்தந்தை. கூமோடு சண்டை போட்டவர் என்ற பெயர் எங்கள் ஊரில் திருடர் என்ற பெயரைவிடக் கேவலம். திருடருக்காவது வக்கீல் கிடைப்பார். ஆகவே இருவரும் பல வருடங்களாகச் சண்டையே போடாமல் சண்டை போட்டு வந்தார்கள். அவர் இவளை ‘கூமோ’ என்பார், இவள் அவரை ‘கூமே’ என்பாள். அந்தச் சொல்லில் தடவிய தேனின் அளவை வைத்தே அன்றைய பகையின் அளவைச் சொல்லிவிடலாம்.

இந்த அமைதியைக் கெடுக்கத்தான் அந்தப் பெட்டி வந்தது.

துணி துவைக்கும் இயந்திரத்தைவிடச் சற்றுப் பெரிய இரும்புக் கூடு. முன்பக்கம் அலமாரியில் புத்தகம் செருகுவதுபோல மெல்லிய பிளேடு சர்வர்களை வரிசையாகச் செருகலாம். ராதிசாவ் அதைத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். விடோசவா முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்னால் போனாள். அங்கே, கூட்டுக்குள்ளேயே, இரண்டு சின்ன நெட்வொர்க் சுவிட்சுகள் பதிந்திருந்தன. உள்ளே இருக்கும் எல்லாச் சர்வரும் வெளியுலகத்தோடு பேசுவது அவற்றின் வழியாகத்தான்.

“கூமே, இது சுவிட்ச். சுவிட்ச் எங்க பிரிவு.”

“கூமோ, அது பெட்டிக்குள்ள இருக்கு. பெட்டி எங்க பிரிவு.”

“உங்க வீட்டுக்குள்ள ஒரு போலீஸ்காரர் வந்து உட்கார்ந்தா அவர் உங்க குடும்பமா?”

“காப்பி குடிச்சாருன்னா விருந்தாளி. ராத்திரி தங்கிட்டாருன்னா குடும்பம்தான்.”

நாட்டை ஏழு துண்டாக்கி, எல்லை எங்கே போகிறது என்று ஒவ்வொரு ஆற்றங்கரையிலும் நின்று பழகிய மக்கள் நாங்கள். ஒரு இரும்புப் பெட்டிக்கு மட்டும் எல்லை போடாமல் விடுவோமா? வாரக்கணக்கில் பேச்சுவார்த்தை நடந்தது. பெட்டி மின்சாரத்தை மட்டும் குடித்துக்கொண்டு, யாரோடும் பேசாமல், விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

இயக்குநர் ஸ்டானிமிர் யாரையும் புண்படுத்தாத முடிவுகளுக்குப் பேர்போனவர். இருவரையும் கூப்பிட்டார்.

“திங்கட்கிழமை பெட்டி ஓடணும். புது வருஷத்துல ரெண்டு பிரிவும் ஒண்ணாகுது. யார் கேபிள்ல பெட்டி வெளி நெட்வொர்க்கோட பேசுதோ, அவங்கதான் தலைவர். நீங்க கூம் உறவு. உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கோங்க.”

அவர்களும் பேசி முடித்தார்கள்.

“கூமே, சனிக்கிழமை எங்க வீட்டு விழா. அதுக்கு முன்னாடி இந்தக் கேபிள் பேச்சு எதுக்கு? திங்கட்கிழமை காலைல ரெண்டு பேரும் சேர்ந்து போடுவோம்.”

“நானும் அதையேதான் சொல்ல வந்தேன், கூமோ. நாம என்ன காட்டுமிராண்டிகளா?”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விடோசவா பெட்டியைச் சுற்றியிருந்த கம்பிக்கூண்டைத் திறந்து தன் கேபிளைப் போட்டாள். ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் இடது சுவிட்சிலிருந்து எங்கள் பிரிவின் சுவிட்சுக்கு. “சும்மா சோதிச்சுப் பார்க்கத்தான்,” என்றாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த இரண்டு சின்னச் சுவிட்சும் பெட்டிக்குள்ளேயே ஒன்றோடொன்று இணைந்தவை. இரண்டிலிருந்தும் கேபிள் வெளியே வந்து ஒரே நெட்வொர்க்கில் சேர்ந்தால் ஒரு வட்டம் உண்டாகும். எல்லாருக்கும் என்று அனுப்பப்படும் சின்னச் செய்தி ஒன்று அந்த வட்டத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி, நெட்வொர்க் முழுவதையும் மூச்சுத் திணற வைத்துவிடும். இதைத் தடுக்க இரு பக்கத்துச் சுவிட்சுகளிலும் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. வட்டம் தெரிந்தால் அது கேபிள் செருகிய ஏதாவது ஒரு வாசலைச் சாத்திவிடும்.

விடோசவா தன் பக்கத்துக் காவலை அணைத்தாள். “அவரோட பெட்டி சொல்லி என் வாசலைச் சாத்தணுமா?”

அவள் ஒருத்திதான் கேபிள் போடப்போகிறாள் என்றால் ஆபத்தில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை புனித நிக்கோலா நாள், அவரைக் குலக்காவலராகக் கொண்ட குடும்பங்களின் விழா. ஊரில் பாதிப் பேர் வீட்டில் விழா, மீதிப் பேர் அவர்கள் வீட்டில் விருந்தாளி. அழைப்பு என்று எதுவும் கிடையாது, வருபவர் வருவார். விழா நடத்துபவர் உட்காரக் கூடாது, வீட்டைவிட்டு நகரவும் கூடாது. கணவர் இறந்ததிலிருந்து இதை விடோசவாதான் நடத்துகிறாள். என் வீட்டில் ஹங்கேரியன் பேசுவார்கள், இந்த விழா எங்களுக்குக் கிடையாது. அதனால் கொண்டாடும் கவலை இல்லாத ஒரே ஆளான நான் சமையலறையில் மாட்டிக்கொண்டேன். நோன்புக்காலம் என்பதால் மேசை முழுக்க மீன்.

கூம் வரவில்லை. கூம் வராமல் விழா ரொட்டியை வெட்ட முடியாது. விருந்தாளிகள் பிளம் சாராயத்தைக் குடித்தபடி கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்தார்கள். கடைசியில் ராதிசாவ் ஒயின் பாட்டிலோடு வந்தார். தொப்பியில் பனி, முழங்காலில் தூசி. பனியில் நடந்து வந்தவருக்குத் தூசி எங்கிருந்து ஒட்டியது என்று யோசித்தேன். விடோசவாவும் யோசித்திருக்க வேண்டும். மூன்று முறை முத்தமிட்டு வரவேற்று, இனிப்புக் கோதுமைத் தட்டை நீட்டினாள்.

“தாமதமாயிடுச்சே, கூமே.”

“வழியில சின்ன வேலை, கூமோ.”

அதற்குள் அவள் தொலைபேசி அடித்தது. அலுவலகத்தில் விபத்து உதவி மேசையில் இருந்த ஜிவான். எல்லாரும் கேட்கும்படி கத்தினான்.

“மேடம், எல்லாம் போச்சு! பனியில வண்டி கவுந்து ஜனங்க கூப்பிடுறாங்க, ஒரு ஸ்க்ரீனும் திறக்கல. சுவிட்ச்ல எல்லா விளக்கும் பைத்தியம் மாதிரி மினுக்குது!”

“பெட்டிக்குப் பின்னாடி போய் எத்தனை கேபிள்னு பாரு.”

“கூண்டுக்கதவு பூட்டியிருக்கு. சாவி உங்க ரெண்டு பேர்கிட்டதானே இருக்கு?”

விடோசவா போனை வைத்தாள். ராதிசாவ் கோதுமையை மென்றுகொண்டிருந்தார், ரொம்ப நேரமாக. விடோசவா ரொட்டியைக் கொண்டுவந்தாள். வழக்கப்படி இருவரும் இரண்டு பக்கம் பிடித்து அதைச் சுற்ற வேண்டும். சுற்றினார்கள். மற்றவர்கள் பாடினார்கள். பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு நின்ற எனக்கு மட்டும் இது கேட்டது.

“காவலை அணைச்சீங்களா, கூமே?”

“உங்க நெட்வொர்க் சொல்லி என் வாசலைச் சாத்தணுமா? நீங்க?”

“நானும்தான்.”

“அப்ப நீங்க முன்னாடியே கேபிள் போட்டிருக்கீங்க.”

“நீங்களும்தான்.”

“ரெண்டுல ஒண்ணை உருவினா போதும். உங்களோடதை உருவிடுங்க.”

“விழா நடத்துறவ வீட்டைவிட்டுப் போகலாமா? நீங்க போய் உங்களோடதை உருவுங்க.”

“ரொட்டி வெட்டுறதுக்குள்ள கூம் போனா அபசகுனம்.”

ரொட்டி உடைந்தது. கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிட்டார்கள். அப்போதுதான் இயக்குநர் ஸ்டானிமிர் உள்ளே வந்தார். அவர் தொலைபேசியும் அடித்தபடியே இருந்தது.

“அங்க வண்டிக்குள்ள ஆளுங்க உறைஞ்சுகிட்டிருக்காங்க. உங்க ரெண்டு பேர்ல யாரு காரணம்?”

இருவரும் மீன்சூப்பைப் பார்த்தார்கள். மீன்சூப் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

விடோசவா ஏப்ரனைக் கழற்றினாள். அதை இயக்குநர் கையில் கொடுத்தாள். “இனிமே நீங்க நின்னு பரிமாறுங்க. உட்காரக் கூடாது.” பிறகு கூமைப் பார்த்தாள். “வாங்க. தனியா விட்டா நீங்க என்னோடதைத்தான் உருவுவீங்க.”

“அதையேதான் நானும் நினைச்சேன்.”

கார் ஓட்டியது நான். கூண்டைத் திறந்தார்கள். பெட்டியின் பின்னால் இடப்பக்கம் அவள் கேபிள், வலப்பக்கம் அவர் கேபிள், இரண்டிலும் விளக்குகள் வெறியோடு மினுக்கின.

“கும்பிட்டுக் கேக்குறேன், கூமோ. யாராவது ஒருத்தர்.”

விடோசவா கையை நீட்டித் தன் கேபிளை உருவினாள்.

உடனே விளக்குகள் அமைதியாகின. ஜிவான் உதவி மேசையிலிருந்து “வந்துடுச்சு!” என்று கத்தினான். இதோடு அவள் பிரிவும் போயிற்று. ஆனால் அவள் முகத்தில் அந்த வருத்தம் இல்லை. இனி சாகும்வரை ஒவ்வொரு விழாவிலும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டிலும், ‘ஜனங்க உறைஞ்சுகிட்டிருந்தப்ப என்னோடதைத்தான் உருவினேன், கூமே’ என்று சொல்லலாம். எங்கள் நாட்டில் ஒரு பிரிவின் தலைமைக்கு மாற்றாக இப்படிச் சொல்லும் உரிமையைக் கொடு என்றால் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

ராதிசாவுக்கு இது உறைக்க ஒரு மூச்சு நேரம் ஆனது. முகம் வெளுத்தது. பாய்ந்துபோய்த் தன் கேபிளையும் உருவினார்.

“எதுக்கு?” என்றாள் விடோசவா. உண்மையிலேயே கோபமாக.

“நீங்க பெருந்தன்மையா இருந்தா நான் பொறுக்கியா?”

திங்கட்கிழமை இருவரும் பெட்டி முன்னால் நின்று ஒருவரை ஒருவர் உபசரித்தார்கள். உங்க கேபிள்தான், இல்லை உங்களோடதுதான். மதியம்வரை பெட்டி ஊமை. ஸ்டானிமிருக்கு சனிக்கிழமை நின்ற கால்வலி இன்னும் போகவில்லை. “ரெண்டையும் போடுங்க. காவலையும் போடுங்க. எந்த வாசலைத் திறக்கணும்னு அந்த இயந்திரமே சொல்லட்டும்,” என்று கத்திவிட்டுப் போனார். பிறரைப் புண்படுத்தும் வேலையை ஒரு இயந்திரம் ஏற்றுக்கொள்ளும் என்று கண்டுபிடித்ததில் அவருக்குப் பரம நிம்மதி.

இயந்திரம் இரு வாசல்களின் எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது; சின்ன எண்ணுள்ளதே திறக்கும் என்பது அதன் விதி. சின்ன எண் ராதிசாவின் வாசலுக்கு இருந்தது. அவர் விளக்கு பச்சையானது, விடோசவாவின் விளக்கு ஆரஞ்சு. அதாவது அவர் கேபிள் செத்தால் ஒழிய இவளுடையது பேசாது. புது வருடத்தில் கதவுப் பலகையும் அப்படியே எழுதப்பட்டது: தலைவர் ராதிசாவ், துணை விடோசவா.

இப்போது அவள் தினமும் காலையில் கூண்டைத் திறந்து, பெட்டியின் பின்னால் போய், அந்தப் பச்சை விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதையும் தொடுவதில்லை. பிறகு அவரிடம் காப்பி கொடுத்து, “உங்க கேபிள் நல்லாருக்கா, கூமே?” என்று விசாரிக்கிறாள். அவர் அந்தக் கேபிளை மூன்று முறை மாற்றிவிட்டார்.