கிள்ளாத கீரை

தையற்காரரின் மனைவி முப்பது வருடமாகக் கணவருக்குக் கசப்புக் கீரை சமைத்துப் போட்டாள். முற்றிய காம்பை நீக்கி, மூன்று முறை அலசி, வெங்காயத்தோடு வதக்குவாள். இரத்தம் ஊறும், கண் தெளியும் என்பாள். அவரோ, "ஆடுன்னு நெனச்சுத்தான் என்னைக் கட்டிக்கிட்டியாடி?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்குவார்.

சென்ற மாதம் அவருடைய இதயத்தில் வால்வு மாற்றினார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதிய மருத்துவர், "அளவு சரியாகுற வரைக்கும் கீரை வேண்டாம்மா. மாத்திரையோட வேலையைக் கெடுத்துரும்" என்றார்.

அவளுக்குக் கை ஒடிந்தது போலாயிற்று. அவருக்காக அவள் அறிந்த ஒரே வைத்தியம் அதுதானே!

இன்று மதியம் குழைந்த சோற்றைப் பார்த்ததும் அவர், "நாக்கே செத்துப்போச்சு. ஒரு வாய் கீரை கொடேன். இனிமே ஆடுன்னு சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சினார்.

முப்பது வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை!

"ஆடுன்னே சொல்லுங்க. கீரை மட்டும் கேக்காதீங்க" என்றாள்.

ஜன்னலோரத் தொட்டியில், கிள்ளாமல் விட்ட கீரை பூத்து நின்றது. அது அவர் கண்ணில் படாதபடி மறைத்து நின்றுகொண்டு, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.