கழற்றாத செட்

செட்டுக்காரரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமானால் இப்போதே சொல்லிவிட வேண்டும். போகப்போக அதற்கு இடம் இருக்காது. பல் செட் செய்வதில் மனிதர் பலே கெட்டிக்காரர். நாற்பத்தைந்து வருடமாக அதே வேலை. வீட்டின் முன்னறைதான் கடை. பின்னால் ஒரு சின்ன அறையில் மெழுகு, அளவெடுக்கும் மாவு, பாலிஷ் போடும் மோட்டார். அவர் செய்த செட் ஒருவர் வாயில் உட்கார்ந்துவிட்டால் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். தும்மினாலும் வராது, தொண்டை கிழியச் சண்டை போட்டாலும் வராது.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவருக்குத் தலைக்கேறிவிட்டது. பல் டாக்டர்கள் எல்லாரும், "ராத்திரி கழட்டித் தண்ணில போட்டு வைங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். அதைக் கேட்டாலே இவருக்கு இளக்காரம். "அவங்க செட்டு சரியா உக்காராது, அதான் கழட்டச் சொல்றாங்க. நம்மளுது அப்படி இல்ல. போட்டதையே மறந்துடுவீங்க" என்பார். வந்தவர் நம்பாமல் பார்த்தால், உள்பக்கம் திரும்பி, "இந்தா, கொஞ்சம் வந்துட்டுப் போ" என்று குரல் கொடுப்பார்.

மனைவி கைவேலையைப் போட்டுவிட்டு வருவாள். ஒரு கேரட்டை எடுத்து நீட்டுவார். அவள் நறுக்கென்று கடித்துக் காட்டுவாள். "இருபத்தாறு வருஷம் ஆச்சு. ஒரு ராத்திரிகூட கழட்டி வச்சதில்ல" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் மென்றுகொண்டே உள்ளே போயிருப்பாள். குளிக்கும்போது கழற்றி ஒரு அலசு அலசி உடனே மாட்டிக்கொள்வதோடு சரி. செட் மாட்டிய நாளிலிருந்து பல்லில்லாத அவள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. கடைக்கு எந்த நேரமும் ஆள் வரலாம் அல்லவா?

அவளுக்கு முப்பத்தெட்டு வயதில் ஈறு கெட்டுப் பற்கள் விழுந்தது உண்மைதான். ஆனால் முன்னால் ஆறு பற்கள் கல் மாதிரி நின்றன. "இந்த ஆறையும் வச்சுக்கிட்டு அரை செட்டு செஞ்சா பார்க்கவா இருக்கும்? முழு செட்டுன்னா எடுப்பா இருக்கும்" என்று பேசிப் பேசியே, தெரிந்த டாக்டரிடம் கூட்டிப்போய் ஆறையும் பிடுங்க வைத்தார். நல்ல பற்களை. தன் வேலை எடுப்பாகத் தெரிய வேண்டுமாம். இதைச் சொல்லும்போது எனக்கே வாயில் கெட்ட வார்த்தை வருகிறது, விடுங்கள்.

போன வருடம் அவளுக்கு மேல்வாய் எரிய ஆரம்பித்தது. சாதம் வாயில் வைத்தால் காந்தியது. எதைத் தின்றாலும் இரும்பைச் சப்புகிற ருசி. கடைவாய் இரண்டு பக்கமும் வெடித்து, கொட்டாவி விட்டால் ரத்தம் கசிந்தது.

"என்னங்க, வாய் ரொம்ப எரியுது."

"செட்டு ஆடுதா?"

"ஆடலை."

"அப்புறம் என்ன? காரத்தைக் குறைச்சுக்க."

காரத்தைக் குறைத்தாள். பிறகு உப்பையும் குறைத்தாள். கடைசியில் சாப்பாட்டையே குறைத்துவிட்டாள். அவள் குளிக்கும்போது கதவிடுக்கு வழியாகச் செட்டை வாங்கிப் பளபளவென்று பாலிஷ் போட்டு, அவள் வெளியே வருவதற்குள் திருப்பிக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு அவள் கஞ்சி குடிக்கும்போது கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் அதைக் கவனித்தார். கவனித்தவர்தான், ஆனால் தன் செட் ஒருத்தர் வாயைப் புண்ணாக்கும் என்று நினைக்க அவருக்கு மனசு வரவில்லை. வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்.

அடுத்து இருமல் வந்தது, ஜுரம் வந்தது. மகளுக்குப் பொறுக்கவில்லை. அவள் தபால் அலுவலகத்தில் வேலை செய்பவள், அப்பாவிடம் அனுமதி கேட்கிற பழக்கத்தை எப்போதோ விட்டவள். அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். நிமோனியா என்றார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, ரெண்டு நாள் போகட்டும் என்றார்கள்.

மூன்றாம் நாள் ஜுரம் இறங்கியது. வாயைப் பார்க்க ஒரு பெண் டாக்டர் வந்தார். "அம்மா, செட்டைக் கழட்டுங்க" என்றதும் அவள் கட்டிலருகே நின்ற கணவரைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கழற்றினாள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மகளையும் அவரையும் கூப்பிட்டுக் காட்டினார். மேல்வாய் முழுக்க ரத்தச் சிவப்பு. செட்டின் தகடு எங்கே முடிகிறதோ, சிவப்பும் கோடு போட்ட மாதிரி அங்கேயே முடிந்தது. அதன் மேல் ஆங்காங்கே தயிர் ஆடை போல வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"இது பூஞ்சை. எல்லார் வாயிலயும் கொஞ்சம் இருக்கும், பாக்டீரியாவும் இருக்கும். சின்ன வயசுல எச்சில் ஊறிக் கழுவிவிட்டுடும். வயசானா எச்சில் குறையும், பிரஷர் மாத்திரை வேற வாயைக் காய வைக்கும். ராத்திரி பகலா தகட்டை வச்சு மூடினா அடியில காத்தும் போகாது, எச்சிலும் போகாது. அதுங்களுக்குக் கொண்டாட்டம்தான். தூக்கத்துல அந்த பாக்டீரியாவை உள்ள இழுத்தா நுரையீரலுக்குப் போகும். இவங்களுக்கு அதனாலதான் ஜுரம் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எனக்கு அந்தச் சந்தேகம் பலமா இருக்கு."

பிறகு செட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "வேலை ரொம்ப நல்லா இருக்கு. இவ்வளவு இறுக்கமா உக்கார வைக்க எல்லாராலயும் முடியாது. யாரு செஞ்சது? ராத்திரி கழட்டணும்னு ஒரு வார்த்தை சொல்லலையா அந்த ஆளு?"

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டாக்டர் அவர் வேலையைப் பாராட்டுகிறார். பாவி மனிதர், அதற்குச் சந்தோஷப்படக்கூடக் கொடுத்து வைக்கவில்லை. மகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மென்று விழுங்கினார்.

"யாரோ ஒருத்தர்கிட்ட செஞ்சது. ரொம்ப வருஷம் ஆச்சு, ஞாபகம் இல்ல."

கட்டிலில் கிடந்தவள் காதில் அது நன்றாகவே விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் வண்டி பேசிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அவள் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இவளோட போறேன்."

"ஏன், வீட்டுக்கு என்ன?"

"இருபத்தாறு வருஷம் என் வாயில இருந்ததை யாரோ செஞ்சதுன்னுட்டீங்களே" என்றாள். பல் இல்லாமல் வார்த்தைகள் குழைந்து வந்தன, ஆனாலும் ஒரு வார்த்தை தப்பாமல் புரிந்தது. "எரியுது எரியுதுன்னு சொன்னேன், அப்பகூட செட்டைப் பத்தித்தான கேட்டீங்க."

அவர் வீட்டுக்குத் தனியாகப் போனார். கடையைத் திறந்தார். வருகிறவர்களிடம் இரவில் கழற்றச் சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. செட்டைக் கையில் கொடுத்துப் பேசாமல் அனுப்பினார். ஊருக்குள் எத்தனை பேர் வாயில் தன் தகடு மூடிக்கொண்டு கிடக்கிறதோ என்று நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவரையாவது தேடிப் போய்ச் சொன்னாரா என்றால், இல்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் அவள் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்கும் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். தெருவில் வரும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மாளோடு வாசற்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். வாயை அகலத் திறந்து, ஈறெல்லாம் தெரிய, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். உடம்பும் தேறியிருந்தது. அவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மாள் எழுந்து போய்விட்டாள்.

"புதுசா ஒண்ணு செஞ்சு தர்றேன்" என்றார் அவர். "லேசா, ராத்திரி கழட்டி வைக்கிற மாதிரி. டாக்டர் சொன்னபடியே செய்யறேன். அளவு மட்டும் எடுத்துக்கறேன்."

அவள் பட்டாணியை உரித்தாள்.

அவர் படியிலேயே குந்தி உட்கார்ந்து மாவைக் குழைத்தார். பதம் தப்பவில்லை. அளவுத் தட்டில் அப்பிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். குழைத்த மாவு இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது.

"ஆ காட்டு" என்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. உதடுகள் ஒன்றோடொன்று அழுந்தி உள்ளே மடிந்திருந்தன.

"ஒரு நிமிஷம்தான். ஆ காட்டு."

அவர் கையை நீட்டியபடியே இருந்தார். தட்டில் மாவு ஓரத்திலிருந்து இறுகத் தொடங்கி, நடுவிலும் இறுகி, கடைசியில் கல்லாகிவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை.