முப்பத்தேழாவது கதவு

ஜன்னல் கம்பியை வலக்கையால் பற்றித் தொங்கியபடி, இடக்கைக் கட்டைவிரலால் மட்டும் கைபேசித் திரையை நகர்த்திக்கொண்டிருப்பார், நாங்கள் எல்லோரும் அக்கா என்றே கூப்பிடும் எங்கள் வடிவமைப்பாளர். அலுவலகத்துக்குப் புதிதாக வருபவர்கள் மிரண்டுபோவார்கள். "பசங்க பஸ்ல தொங்கிக்கிட்டுதான் பாப்பாங்க. விரலுக்கு எட்டாததை எதுக்கு வைக்கிற?" என்பார். எட்டாத பொத்தான் அன்றே இடம் மாறும்.

முன்பு செருப்புக் கடைச் செயலிக்குத் தள்ளுபடிப் பொத்தான் வரைந்தவர். இப்போது பதின்வயதுப் பிள்ளைகள் பௌத்தம் அறிய ஒரு செயலியை வடிவமைக்கிறார். அதற்கு வசனம் எழுதுவது நான். பாதியை வெட்டிவிடுவார். "புத்திமதி வாடை அடிச்சா அப்பவே அழிச்சிருவாங்க" என்று மூக்கை உறிஞ்சிக் காட்டுவார்.

அவருக்குப் பிடித்தது கடுகு விளையாட்டு. இறந்த குழந்தையைச் சுமந்து மருந்து கேட்டு வந்த தாயிடம், சாவே விழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வரச் சொன்னாராம் புத்தர். திரையில் நூறு கதவுகள். தட்டினால் திறக்கும், அந்த வீட்டில் இறந்தவரைப் பற்றி ஒரு வரி வரும். கடுகு எங்கும் கிடைக்காது. கடைசியில் விளக்கமும் கிடையாது.

செயலி வெளியான மூன்றாம் வாரம், பிள்ளைகளின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. எட்டிப் பார்த்தேன். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: "முப்பத்தேழாவது வீட்டுல கடுகு குடுத்தாங்க. எங்க தம்பி செத்துப்போயி பதினோரு நாள் ஆகுது. இதை யார்கிட்ட குடுக்கணும்?"

சோதிக்கும்போது ஒவ்வொரு முறையும் நூறு கதவையும் தட்டச் சலித்து, முடிவுக்குத் தாவ அக்காவே வைத்த குறுக்குவழி அந்தக் கதவு; தட்டினால் கடுகு கிடைத்து விளையாட்டு முடிந்துவிடும். எடுக்க மறந்திருக்கிறார்.

பிழையைத் திருத்திவிட்டு, வழக்கமான வருத்தக் கடிதத்தை அனுப்பினால் போதும் என்றார் மேலாளர். அக்கா கதவைத் திருத்தினார். கடிதம் அனுப்பவில்லை. பதிவிலிருந்த எண்ணில் அந்தப் பெண்ணின் அம்மாவை அழைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, மகளிடம் பேசலாமா என்று கேட்டார். நெடுநேரம் காத்திருந்தார்.

"அந்தக் கதவை நான்தான் வச்சேன் கண்ணு. தப்பு என்னோடது. அப்படி ஒரு வீடு கிடையாது."

மறுமுனையில் அவள் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"எங்க வீட்டுலயும்தான். எங்க அண்ணன். பத்தொன்பது வயசுல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான்கு வருடமாகப் பக்கத்து நாற்காலியில் இருக்கிறேன். அவருக்கு ஓர் அண்ணன் இருந்ததே தெரியாது.

அதன்பின் அக்கா பேசவில்லை, அவள்தான் பேசினாள். இடையிடையே ஒரு "ம்". ஒருமுறை சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பதினொரு மணிக் கூட்டத்துக்குக் கூப்பிட மேலாளர் வந்து நின்றார். அக்கா தலை நிமிரவில்லை; உள்ளங்கையை மட்டும் அவர் பக்கம் உயர்த்திக் காட்டினார்.